ஆறடித் தொட்டியில் ஓர் ஆப்பிரிக்க ஏரி

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



மீன் வளர்ப்பு என்றதும் "அது பணக்காரங்க பொழுதுபோக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பெரிய தொட்டியில் பல வகை சிக்லிட் மீன்களைச் சேர்த்து வளர்ப்பதற்குப் பணத்தைவிடக் கணக்குதான் முக்கியம். காசைக் கொட்டித் தொட்டி வாங்கியவர் வீட்டில்கூட முதல் மாதமே மீன் மிதக்கிறது. ஏன்? மீன் வாங்குவதற்கு முன்னால் போடவேண்டிய கணக்கை யாரும் போடவில்லை. அந்தக் கணக்கெல்லாம் நம்ம டிப்ளமோ பாடத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிக்லிட் என்பது யார்?

சிக்லிட் என்பது ஒரு மீனின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். இதுவரை 1,700-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும்தான் அதிகம். கடைகளில் பார்க்கும் ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பிளவர்ஹார்ன் மட்டும் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. 1990-களில் மலேசியாவில் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பு மீன் அது.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்று இனம். அதில் ஒன்று கேரளாக்காரர்கள் வாழையிலையில் வைத்துப் பொரிக்கும் கரிமீன். 2010-ல் கேரள அரசு அதை மாநில மீனாக அறிவித்தது. நம்ம ஏரி குளங்களில் தூண்டில் போட்டால் மாட்டும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆனால் அது ஊருக்குப் புதுசு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-ல்தான் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. அதைப் பற்றிக் கடைசியில் ஒரு சேதி சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு தனிக் குணங்கள். ஒன்று, தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு ஜோடித் தாடை இருக்கும். வாய் பிடிக்கும், தொண்டை அரைக்கும். இரண்டு, குஞ்சுகளைப் பாதுகாக்கும். மற்ற மீன்களில் பல, முட்டை போட்டதோடு போய்விடும். சிக்லிட் காவல் நிற்கும். காவல் நிற்கிற மீனுக்கு எல்லை வேண்டும். எல்லை இருந்தால் சண்டை இருக்கும். சிக்லிட் தொட்டியின் அழகும் தலைவலியும் இங்கேதான் தொடங்குகின்றன.

நாம் கொண்டுவரப் போகும் ஏரி

கடைகளில் "மிக்ஸட் ஆப்பிரிக்கன் சிக்லிட்" என்று மஞ்சள், நீலம், ஆரஞ்சு நிறங்களில் விற்கும் குட்டிகளில் பெரும்பாலானவை மலாவி ஏரியின் இனங்கள். மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஏரி அது. ஆழம் சில இடங்களில் 700 மீட்டரைத் தொடும். அதன் தெற்குக் கரையில் உள்ள தேசியப் பூங்காவை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காரணம் இந்த மீன்கள்தான்.

ஏரிக்கரைப் பாறைகளின் சந்துபொந்துகளில் வாழ்கிறவற்றை அங்கே "ம்புனா" என்கிறார்கள். பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. ஏரித் தண்ணீர் காரத்தன்மை உடையது, பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. நம்ம ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாக, காரமாகத்தான் இருக்கிறது. அதனால் மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸைவிட இவை நமக்கு எளிது. ஹீட்டர்கூடச் சென்னை மாதிரி ஊரில் பெரும்பாலான மாதங்களில் தேவைப்படாது.

தொட்டியின் கணக்கு

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இதைத்தான் பெரிய தொட்டி என்று சொல்லலாம். 6 × 2 × 2 = 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக விளிம்புவரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர்.

முன் கண்ணாடியைத் தண்ணீர் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது? ஹைட்ராலிக்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, உயரத்தின் வர்க்கம், நீளம் எல்லாவற்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் வருவது சுமார் 3,340 நியூட்டன். அதாவது 340 கிலோ எடை ஓயாமல் சாய்ந்து நிற்பதற்குச் சமம்! இந்த விடையில் தொட்டியின் அகலம் வரவே இல்லை பாருங்கள். முன்னுக்குப் பின் இரண்டடி இருந்தாலும் நாலடி இருந்தாலும் முன் கண்ணாடிக்கு ஒரே சுமைதான். உயரம்தான் எமன். இரண்டடியை மூன்றடி ஆக்கினால் உயரம் ஒன்றரை மடங்கு. விசை இரண்டேகால் மடங்கு. 340 கிலோ 765 கிலோ ஆகிவிடும்.

என் அப்பா கொளத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் மீன் தொட்டி ஒட்டுகிறவர். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம் அது. அப்பா ஆறாவதோடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். "ரெண்டடிக்கு மேல உயரம் வேணாம் சார்" என்று அவர் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது நான் பலமுறை பக்கத்தில் இருந்திருக்கிறேன். "ஏன்?" என்று கேட்டால், "வெடிச்சிடும் சார்" என்பார். அவ்வளவுதான் சொல்லத் தெரியும். இருபது வருஷம் கண்ணாடி ஒட்டிய கைக்கு அது தெரிந்திருந்தது. எதிரே நிற்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வார்த்தை இல்லை. சிலர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அன்றைய கூலி போச்சு.

போன வருஷம் ஒருவர் அதே கண்ணாடியில் மூன்றடி உயரம்தான் வேண்டும் என்று நின்றபோது, மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்தார். இரண்டடிக்கு ஒத்துக்கொண்டார். அப்பா அந்தத் தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். இப்போது யாராவது கேட்டால் விரலால் அதைக் காட்டுகிறார். நண்பர்களே, அப்பாவுக்குத் தெரியாத எதையும் நம்ம புத்தகம் அதில் சொல்லிவிடவில்லை. அவருக்குத் தெரிந்ததற்குக் காரணத்தைச் சொன்னது. படிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த அளவுக்கு 12 மி.மீ. கண்ணாடியும், மேலே விளிம்பிலும் குறுக்கிலும் கண்ணாடிப் பட்டியும் போடுவார்கள். ஒட்டிய சிலிக்கானின் புளித்த வாசனை முழுசாகப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், தண்ணீர் ஊற்றக்கூடாது. தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட் கட்டாயம். ஸ்டாண்டில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் கண்ணாடி அந்த இடத்தில்தான் விரியும்.

சிவில் நண்பர்கள் கவனத்துக்கு

இப்போது மொத்த எடை. மேலே இரண்டு அங்குலம் விட்டு, மணலும் கல்லும் பிடிக்கும் இடம் போனால் தண்ணீர் சுமார் 560 கிலோ. கண்ணாடி 120. மணல் 90. கல் 80. ஸ்டாண்ட் 60. கூட்டினால் 900 கிலோவைத் தாண்டும். இது நிற்கும் இடமோ 12 சதுர அடி. சதுர மீட்டருக்கு சுமார் 800 கிலோ! வீட்டு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோதான். நாலு மடங்கு.

தரைத்தளம் என்றால் பெரிய பயம் இல்லை. மாடி என்றால் ஹாலின் நடுவில் வைக்கவே கூடாது. சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடத்தில், தூணுக்குப் பக்கமாக வைக்க வேண்டும். அதுவும் கட்டிடம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். வாடகை வீடு, பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் ஆசையைத் தள்ளி வைப்பதே நல்லது.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன் சாவதற்கு முதல் காரணம் சண்டை அல்ல, அமோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிச்சம் விழுந்த தீனியிலிருந்தும் அது வருகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. பழைய புத்தகங்களில் இந்த இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகப் போட்டிருக்கும். மீன் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று பின்னால் கண்டுபிடித்தார்கள்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இல்லை. ஃபில்டரில் அவை குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் வேண்டாம். தண்ணீர் ஓடட்டும். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விடுங்கள். அதுதான் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் வாங்கிப் போட்டால் சீக்கிரம் நடக்கும். சோதனைக் கிட்டில் அமோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார்.

மலாவி மீன் வளர்ப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகப் பாதிக்காது, மற்றது கொல்லும். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் கொல்லும் உருவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 ஆனால் ஆறு ஏழு பங்கு. கிட்டத்தட்டப் பத்து மடங்கு! இந்த மீன் எந்தத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்குமோ, அந்தத் தண்ணீரில்தான் அமோனியாவின் வீரியம் அதிகம். கடையில் தொட்டியும் இருபது மீனும் ஒரே நாளில் வாங்கிப் போகிறவர் பத்து நாளில் திரும்பி வந்து "சீக்கு மீனைக் கொடுத்துட்டீங்க" என்று சத்தம் போடுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஃபில்டருக்கும் கணக்கு உண்டு. மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல் ஐந்தாறு மடங்கு சுற்ற வேண்டும். 560 லிட்டருக்கு 3,000 முதல் 3,500 லிட்டர். மோட்டார் அட்டையில் போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. இரண்டு மூன்று அடி ஏற்றினால் குறையும். அதனால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

எந்த மீனோடு எந்த மீன்?

ஒரு அங்குலக் குட்டியில் எல்லாம் சாதுவாகத் தெரியும். வளர்ந்தால்தான் வேஷம் கலையும்.

1. ஆரட்டஸ்: குட்டியில் தங்க மஞ்சளில் கறுப்புக் கோடு, பார்க்கப் பார்க்க அழகு. ஆண் வளர்ந்தால் உடம்பே கறுத்து, தொட்டி முழுவதையும் தனக்கே பட்டா போட்டுக்கொள்ளும். வேண்டாம்.

2. கென்யி: குட்டியில் நீலம். ஆண் பெரிதானால் மஞ்சள். முரடன். இதுவும் வேண்டாம்.

3. யெல்லோ லேப்: எலுமிச்சை மஞ்சள். ம்புனாவில் சாதுவானவற்றில் ஒன்று. முதல் தேர்வு.

4. அசெய்: நீல உடம்பு, மஞ்சள் வால். கூட்டமாகத் திரியும். நல்லது.

5. ரஸ்டி: துருவும் ஊதாவும் கலந்த நிறம். அமைதியானது. நல்லது.

இந்த மூன்று நல்லவற்றில் வகைக்கு எட்டு, மொத்தம் 24 மீன் நம்ம தொட்டிக்குப் போதும். வகைக்கு ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் இருப்பது உத்தமம். ஒரே பெண் இருந்தால் ஆணின் துரத்தல் முழுவதும் அதன் தலையில் விழும். ஒரே மாதிரி நிறமுள்ள இரண்டு வகையைச் சேர்க்காதீர்கள். தன் நிறத்தில் இருப்பதைத்தான் ஆண் முதலில் எதிரியாக நினைக்கும். ஆஸ்கரை இதோடு போடவே போடாதீர்கள். அது அமேசான் பக்கத்து மீன், ஓரடிக்கு வளரும். தண்ணீரும் தீனியும் குணமும் வேறு.

சண்டையைக் குறைக்க

இயற்கையில் தோற்ற மீன் ஓடிப்போக ஏரி இருக்கிறது. தொட்டியில் சுவர்தான் இருக்கிறது. ஆகவே ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுக்க வேண்டும். கல்லை அடுக்கிப் பொந்துகள் உண்டாக்குங்கள். மீனைவிடப் பொந்து அதிகமாக இருக்கட்டும். கல்லை முதலில் வைத்து, பிறகுதான் மணல் போட வேண்டும். சிக்லிட் மணலைத் தோண்டும் மீன். மணல்மேல் கல் இருந்தால் அடி சரிந்து கல் கண்ணாடியில் விழும். பி.எச். குறையாமலிருக்கக் கழுவிய கிளிஞ்சல் கொஞ்சம் ஃபில்டரில் போடலாம். பவளத்துண்டு வேண்டாம். பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

புது மீன் விடும்போது கற்களை இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய எல்லைகள் அழிந்துபோவதால் எல்லோரும் புதுசாகத் தொடங்குவார்கள். வால் கிழிந்து, மேல் மூலையில் அசையாமல் ஒதுங்கி நிற்கும் மீனைப் பார்த்தால் "பழகிடும்" என்று விடாதீர்கள். அன்றைக்கே பிரித்து வேறு தொட்டியில் போடுங்கள். இல்லையென்றால் அது தப்பாது.

ஒரு பெண் மீன் தீனிக்கு வராமல், தாடை உப்பி நிற்கிறதா? பயப்பட வேண்டாம். முட்டையை வாயில் அடைகாக்கிறது. சுமார் மூன்று வாரம் பட்டினி கிடந்து, நீந்தும் குஞ்சுகளாகத் துப்பும். பெரியவர்கள் வீட்டில் நமக்காகப் பட்டினி கிடந்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

தீனி

பாசி தின்னும் மீனுக்குக் குடல் நீளம். மாட்டு இதயம், புழு என்று கொழுப்பும் புரதமும் அதிகமாகக் கொடுத்தால் வயிறு ஊதிச் சாகும். ஸ்பைருலினா கலந்த தீனி, வெந்நீரில் போட்டு எடுத்த கீரை போதும். ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வாரத்தில் ஒரு நாள் விரதம் வைத்தாலும் நல்லதே.

கரண்ட் விஷயம்

எலக்ட்ரிக்கல் நண்பர்களே, இது உங்கள் பகுதி. 50 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். வீட்டுக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுபோய்ச் சொருகுங்கள். வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டி வைக்காதீர்கள். கையை விடுமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

கரண்ட் போனால் மீனுக்கு மூச்சுத் திணறும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3-தான். கத்திரி வெயிலில் கரண்ட் கட்டும் சேர்ந்தால் இரட்டை அடி. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

வாரம் பத்துக் குடம்

நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற வாரம் கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். 140 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடத்தில் சொன்னால் பத்துக் குடம்.

இந்த இடத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்கு எத்தனை தெருவில் குடம் வரிசையில் நின்றது என்பது நமக்குத் தெரியும். வாரம் பத்துக் குடத்தை அம்மா தூக்கிக்கொண்டு வருகிற வீட்டில் ஆறடித் தொட்டி நியாயம் இல்லை. இரண்டடித் தொட்டியில் நாலு கப்பி போதும், அதுவும் அழகுதான். தண்ணீர் வசதி உள்ளவர்கள், எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். நைட்ரேட் என்பது உரம். தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் ஊற்றுவதானால் குளோரின் போகும் மருந்து போட்ட பிறகே ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இல்லையென்றால் ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிர்கள் ஐந்து நிமிஷத்தில் போய்விடும்.

ஜிலேபிக் கெண்டை சொல்லும் சேதி

முன்னால் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 1952-ல் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று நம்ம ஊர்க் குளம் குட்டையெல்லாம் நிறைந்திருக்கிறது. வாயில் குஞ்சு காக்கும் மீன் ஒன்று தப்பித்தால் அதன் குடும்பமே தப்பிக்கும். பல நீர்நிலைகளில் நாட்டு மீன்கள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட சக்கர் மீன் இப்போது மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஆகவே தொட்டி வேண்டாம் என்று தோன்றினால் மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று ஏரியில் விடுவது புண்ணியம் அல்ல.

முடிவுரை

சுருக்கமாகச் சொன்னால்: முதலில் தளம், பிறகு கண்ணாடி, பிறகு தண்ணீர், பிறகு நுண்ணுயிர், கடைசியில்தான் மீன். இந்த வரிசையை மாற்றினால் நஷ்டம் நமக்குப் பணம், மீனுக்கு உயிர். வரிசைப்படி போனால் அந்த 24 மீனும் பல வருஷம் நம்மோடு இருக்கும்.

டிப்ளமோ முடித்து ஆளுக்கொரு ஊர் போகப் போகிறோம். யார் வீட்டிலாவது புதுத் தொட்டி பார்த்தால் மீனின் விலையைக் கேட்காதீர்கள். "தண்ணி ஊத்தி எத்தனை வாரம் ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பத்து மீன் பிழைக்கும்.